தபசு காலத்து வெற்றிலைக் கறை

இப்போதெல்லாம் யாராவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருமினால், வீட்டிலிருக்கும் சின்னதுகள் போனை எடுத்து டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுகின்றன. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். நாம் சிறுசுகளாக இருந்தபோது இருமலை யார் ஒரு வியாதியாக மதித்தார்கள்? ராயபுரத்தில் துறைமுக வேலைக்குப் போன ஆள் இருமாமல் வீடு திரும்பினால்தான் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வரும், இவன் வேலைக்குப் போனானா, எங்கேயாவது படுத்துத் தூங்கினானா என்று.

எங்கள் தெருவே இருமும். காலையில் பாயில் படுத்தபடியே, இருமலை வைத்து எந்த வீட்டு ஆள் எழுந்துவிட்டார் என்று சொல்லிவிடுவோம். கரிக் கப்பல் வந்த வாரம் எல்லோர் சளியும் கறுப்பாக இருக்கும். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு ஒரு வாழைப்பழத்தையும் முழுங்கினால் நெஞ்சில் ஒட்டிய கரி வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்பது ஆண்களின் வைத்தியம். வெல்லம் கரைந்தது உண்மை. கரி எங்கே போனது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நைனா, அதாவது என் அப்பா, துறைமுகத்தில் கூவுகிற ஆள். கப்பலிலிருந்து இறங்கும் மரத்தடி, இரும்பு, இயந்திரம் போன்றவற்றைக் கயிறு கட்டி இழுக்கிற கூட்டத்துக்கு முன்னால் நின்று வரி எடுத்துக் கொடுப்பவர். அவர் ஒரு வரி சொல்வார், மற்றவர்கள் "ஐலசா" என்று ஒரே மூச்சாக இழுப்பார்கள். குரல் கொஞ்சம் பிசகினாலும் இழுப்பு பிசகும், எவன் காலாவது நசுங்கும். வரிகளை அங்கேயே நின்ற இடத்தில் கட்டுவார். பாதி வரி மேஸ்திரியைப் பற்றித்தான் இருக்கும். "மேஸ்திரியின் தொந்தியிலே" "ஐலசா" "மூணு படி சோறு கீது" "ஐலசா" என்று போகும். காலையில் இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று கை நீட்டிச் சொல்கிற அதிகாரம் அந்த மேஸ்திரிக்கு உண்டு. ஆனாலும் நைனாவை அவர் ஒன்றும் செய்ததில்லை. அப்படி ஒரு குரல் வேறு யாருக்கும் இல்லை.

அந்தக் குரலுக்குத் தீனி வெற்றிலை. பள்ளிக்கூடம் விட்டதும் தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கி வருவது என் வேலை. கடைக்காரரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும். ஈரத் துணியில் சுற்றிய கவுளியிலிருந்து இலை உருவி, காம்பு கிள்ளி, சுண்ணாம்பை ஓரத்தில் தடவி அவர் மடித்துக் கொடுக்கும்போது வருகிற வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நைனாவின் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டில் எப்போதும் சிவப்புக் கறை இருக்கும். வெற்றிலைக் கறை லேசுப்பட்டதல்ல. சோடா உப்புப் போட்டு அவித்தாலும் பழுப்பாக நிற்கும். "இந்த மன்சனுக்குத் தொவச்சே என் கையி தேயிது" என்று அம்மா புலம்பாத நாள் கிடையாது.

அவளுக்கு வருஷத்தில் ஒரு விடுமுறை உண்டு. தபசு காலம். நாங்கள் வேதக்காரர்கள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கினால் ஈஸ்டர் வரைக்கும் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். ஈஸ்டரை அப்போது பாஸ்கு என்போம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் கள்ளை. நைனா வெற்றிலையை விடுவார். விட்டால் விட்டதுதான். அந்த நாற்பது நாளும் துண்டு வெள்ளையாகவே இருக்கும். அம்மா முகத்தில் ஒரு தெளிச்சல் வந்துவிடும்.

நான் சொல்ல வருவது எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த தபசு காலத்தை.

அந்த வருஷம் பொங்கலிலிருந்தே நைனாவின் இருமல் வேறு மாதிரி ஆகியிருந்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுடும். கைலிக்கு மேல் அகலமாக ஒரு பச்சை பெல்ட் கட்டுவார். அது இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஆணியைக் காய்ச்சிப் புதிதாக ஓட்டை போட்டோம். தோல் கருகிய நாற்றம் போவதற்குள் அந்த ஓட்டையும் போதாமல் போயிற்று. "நைனா ஒல்லியாவுது" என்று நான் சொன்னால், "ஷோக்கா கீறேன்ல, மாப்பிள்ள மாரி?" என்பார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம் பெற்றோரை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடும். வெல்லம் முடிந்ததும் ஆடாதொடைக் கஷாயம். அதற்குப் பிறகு தண்டையார்பேட்டையில் தனியாகக் கடை போட்டிருந்த ஒரு காம்பவுண்டர். அவர் கொடுத்த ரோஸ் நிற மருந்துப் பாட்டில் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, காகிதத்தைப் படிக்கட்டு மாதிரி வெட்டிப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். மருந்து இனிப்பாக இருக்கும். நைனா பார்க்காதபோது நான் அரைப் படி இறங்கியிருக்கிறேன். அதுவும் கேட்காமல் வண்ணாரப்பேட்டை ஹக்கீமிடம் போய் ஒரு லேகியம் வாங்கி வந்தார். கரிச் சூடு என்றார்கள் கூட வேலை செய்தவர்கள், நெஞ்சுச் சளி என்றார் காம்பவுண்டர், ஈரல் சூடு என்றார் ஹக்கீம். எல்லோரும் ஒரு பெயர் வைத்தார்கள். வைக்க வேண்டிய பெயரை மட்டும் ஒருவரும் வைக்கவில்லை. அந்தப் பெயர் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பின்தெருவில் ஒருவர் ரத்தமாகத் துப்பினார் என்று தெரிந்த அன்றே அவரை மேஸ்திரி வேலைக்கு எடுக்காமல் விட்டுவிட்டார். அந்த வீட்டுக் குடம் குழாயடிக்கு வந்தால் மற்றக் குடங்கள் நகரும். மாசம் திரும்புவதற்குள் அந்தக் குடும்பம் எங்கேயோ போய்விட்டது.

தபசு காலம் பாதி தாண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, நைனாவின் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், இங்க வா. இன்னாயா இது?"

துண்டின் மூலையில் சிவப்பு. நைனா பெல்ட்டைக் கட்டிக்கொண்டே வந்து பார்த்தார். பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினார்.

"வெத்தலதாம்மே" என்றார்.

"சாமிக்கு நேந்துகினு, நெத்தில சாம்பல் பூசிகினு, திருட்டு வெத்தல துன்னுகினு கீறியா நீ?"

"ஒரே ஒரு வாட்டிதான். வாயி நமநமன்னுச்சி."

அவ்வளவுதான். அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் அன்று போட்ட சத்தத்துக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பலெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும். சாமி குத்தம், பெத்த பொண்ணு எதிர்ல வெக்கமில்ல, இதான் நீ குடுக்கிற மரியாதையா என்று திட்டிக்கொண்டே துண்டைத் தண்ணீரில் முக்கிக் கசக்கினாள். நைனா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது துண்டு கொடியில் வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆறவில்லை. என் நைனா சாமியிடம் சொன்ன வாக்கை மீறுவாரா? வகுப்பில் உட்கார்ந்தும் அதே நினைப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பாய் கடைக்கு ஓடினேன்.

"பாய், எங்க நைனா வெத்தல வாங்குச்சா?"

"யாரு, உங்க நைனாவா?" பாய் சிரித்தார். "உங்க நோம்பு வந்துட்சின்னா அந்தாளு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. எங்காளுங்க ரம்ஜான்ல பீடிக்கு இன்னா பாடு படுவாங்கோ தெரியுமா? உங்க நைனா கிட்ட கத்துக்கணும்."

"ஹார்பராண்ட வாங்கியிருந்தா?"

"ஹார்பர் கேட்டாண்ட கீற கடை என் மச்சான்து. அங்க வந்திருந்தா எனுக்குத் தெரியாம இருக்குமா? அல்லா மேல சத்தியமா வாங்கல பாப்பா. போய் உங்கம்மாகிட்ட சொல்லு."

நான் பறந்தேன். அம்மா அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மேலெல்லாம் காய்ச்சல். நான் மூச்சு வாங்க நின்று, "நைனா வெத்தல போடல! பாய் சத்தியம் பண்ணிச்சி! ரெண்டு கடையிலயும் வாங்கவே இல்லியாம்!" என்றேன்.

இப்போது அம்மா நைனாவிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். குழம்பில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நைனாதான் முதலில் பேசினார். "கடையில வாங்கல. தோஸ்து ஒர்த்தன் குட்தான்."

"கேட்டியாடீ?" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள். "தோஸ்து குட்தானாம். கடையில வாங்கல, தோஸ்து குட்தான். பெரிய வக்கீலு, சாச்சி கேக்க போய்ட்டா!"

அந்தத் தோஸ்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு நடுவில்கூட, "எவன் அந்த தோஸ்து, கையில கெடச்சா கீது அவனுக்கு" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் அழுதுவிட்டேன். நியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லையே என்று.

கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள். பாஸ்குக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் இந்த வெற்றிலைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வர வேண்டும்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் நைனா போனார். எங்கள் பங்குச் சாமியார் வயதானவர், தூக்கக் கலக்கத்திலேயே இருப்பவர். எந்தப் பாவத்தைச் சொன்னாலும் அபராதமாக மூன்று "அருள் நிறைந்த மரியே" சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அதனாலேயே அவரிடம் கூட்டம் அதிகம். பாவம் கேட்கிற அந்தத் தட்டிக்குப் பின்னால் நடந்ததைச் சாமியார் யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் நைனா சொல்லலாமே. பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார்.

"சாமி, பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"வெத்தல விஷயமா."

"போட்டுவிட்டுப் போடவில்லை என்றாயா?"

"போடாமயே போட்டேன்னு சொன்னேன், சாமி."

சாமியாருக்குத் தூக்கம் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பாவம் அவர் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார். நைனா தட்டியை ஒட்டிக் குனிந்து, "துண்டுல செவப்பு கீது, சாமி. அது வெத்தல இல்ல" என்றார். முதல்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது அங்கேதான்.

அபராதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

நைனா பேரம் பேசினார். "முழு ஜெபமாலையும் சொல்றேன் சாமி. முட்டி போட்டுகினே சொல்றேன்."

"மாதாவுக்கு உன் ஜெபமாலை அவ்வளவு அவசரமில்லை."

"ஒருசந்தி இருக்கிறேன் சாமி. பச்சத் தண்ணி பல்லுல படாம."

"இருந்த வரைக்கும் போதும். எலும்பு தெரிகிறது. காட்டிவிட்டு வா. அதுவரைக்கும் உனக்குப் பாஸ்கு நன்மை கிடையாது."

அதில்தான் நைனா மடங்கினார். பாஸ்கு பூசையில் ஊரே வரிசையாக முட்டி போட்டு, நாக்கை நீட்டி அந்த நன்மை அப்பத்தை வாங்கும்போது ஒருவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், இவன் யாரைக் கொன்றானோ என்றுதான் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, "சாமியாரு அபராதம் போட்டுட்டாரு, ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்" என்றார். அம்மா, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாமியாரு சொன்னா செஞ்சிதான் ஆவணும்" என்றாள். இருவருக்கும் அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று இப்போது புரிகிறது. வியாதிக்காகப் போகவில்லை, வெற்றிலை தின்ற பாவத்துக்காகப் போகிறார். அந்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குக் கோபமே வருவதில்லை. மடியில் எடுத்துப் போட்டுக் கொஞ்ச வேண்டும்போல்தான் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் தெரியக் கூடாது. அதனால் நைனா, தெரிந்த முகமே இல்லாத ஆஸ்பத்திரியாக, பாரீஸ் கார்னரில் பஸ் மாறித் தெற்கே வெகுதூரம் போகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டார். மகளுக்குச் செத்த காலேஜ் காட்டப் போகிறேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டார். உயிரோடு மிருகங்கள் இருந்தால் உயிர்க் காலேஜ், பஞ்சடைத்து வைத்திருக்கும் மியூசியம் என்றால் செத்த காலேஜ். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். "பெரிய வாரத்துல வேடிக்கை கேக்குதா இந்தாளுக்கு" என்று, பாஸ்குக்கு முந்தின துக்க வாரமாயிற்றே, தெருவே முகம் சுளித்தது.

ஆஸ்பத்திரியில் நீளமான தாழ்வாரம். பினாயில் நாற்றம். பெஞ்சு முழுக்க ஆண்கள், பாதிப் பேர் துண்டை முக்காடு மாதிரி போட்டு மூக்கையும் வாயையும் மூடியிருந்தார்கள். நைனாவும் அப்படியே போட்டுக்கொண்டார். நர்சம்மா ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, "அடிநெஞ்சிலேர்ந்து காறித் துப்பணும், எச்சில் வேணாம்" என்றாள். ராயபுரம் தெருவெல்லாம் துப்பின மனிதருக்கு, துப்பு என்று சொன்னதும் வரவில்லை. முக்கினார், கனைத்தார். வெறும் எச்சில்தான். நர்சம்மா அதைப் பார்த்துவிட்டு, வராவிட்டால் இன்னொரு நாள் வரச் சொன்னாள். இன்னொரு நாள் என்றால் நைனா வரவே மாட்டார். எனக்கே அது தெரிந்தது.

"நைனா, கூவு" என்றேன்.

"இங்கியா?"

"மெதுவா கூவு. கூவுனா உனுக்கு இருமல் வருதுல்ல."

நைனா அப்படியும் இப்படியும் பார்த்தார். துண்டுக்குள்ளேயே, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "ஏலேலோ…"

"ஐலசா" என்றது எதிர்ப் பெஞ்சு.

சொன்னவருக்கே திடுக்கென்றது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. இந்தப் பக்கமிருந்து இன்னொரு முக்காட்டுக்குள்ளிருந்தும் "ஐலசா". தாழ்வாரத்துக் கடைசியில் ஒருவர். தெரிந்த முகமே இருக்காது என்று அத்தனை பேரும் தனித்தனியாக யோசித்து, அத்தனை பேரும் அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள்! நைனாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் நர்சம்மா கேட்டதும் வந்துவிட்டது.

எதிர்ப் பெஞ்சுக்காரர் முக்காட்டை விலக்கினார். தொந்தி வற்றிப் போயிருந்தாலும் ஆள் தெரிந்தது. மேஸ்திரி.

"நீ இன்னாடா இங்க?"

"பொண்ணுக்கு செத்த காலேஜ் காட்ட வந்தேன். நீ இன்னா மேஸ்திரி?"

"நானும் செத்த காலேஜ் பாக்கத்தான்" என்றார் மேஸ்திரி. முக்காட்டை மடித்துக்கொண்டே, "ரெண்டு மாசமா பாத்துகினு கீறேன்" என்றார்.

நைனா டப்பாவை இறுக்கிப் பிடித்தபடி கேட்டார். "என்ன வேலைலேர்ந்து எட்த்துடுவியா மேஸ்திரி?"

"உன்ன எட்த்தா, என்ன எவன்டா வெச்சுப்பான்?"

பின்தெரு ஆளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அந்தப் பெயரை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல. காசம். பிறகு புது மருந்து வந்திருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது என்றார். நைனாவுக்குப் பிடித்த பாஷை அது. நேர்ந்துகொண்டால் விடாத மனிதராயிற்றே. அந்த வாரம் பாஸ்கு நன்மையும் கிடைத்தது.

பிறகு ஊசிகள், வயிற்றைப் புரட்டும் மாத்திரைகள், நீல விளிம்பு வைத்த தனித் தட்டு. பையைத் தூக்கிக்கொண்டு நர்சம்மா வீட்டுக்கே வந்ததில் தெருவுக்கும் தெரிந்தது. குழாயடியில் சில குடங்கள் நகர்ந்தன. அம்மா கண்டுகொள்ளாமல் தன் குடத்தை நடுவில் வைத்தாள். கூட்டத்துக்கு வேறொருவர் கூவினார், நைனா நிழலில் உட்கார்ந்து மூட்டைகளைக் கவனித்துக்கொண்டார். "அவன் கூவறதுக்குக் கப்பலே பயந்து திரும்பிப் பூடும்" என்று வந்து சொல்வார். பெல்ட், நாங்கள் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் பழைய ஓட்டைக்கே திரும்பியது.

சளியில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த முதல் பாஸ்கு. பூசை முடிந்து வந்ததும் அம்மாவே என்னைக் கூப்பிட்டு, "பாய் கடைக்குப் போய் உங்க நைனாவுக்கு வெத்தல வாங்கியா" என்றாள். நானும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய் இருந்ததிலேயே தளிராகப் பார்த்து எடுத்து மடித்துக் கொடுத்தார்.

நைனா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். உதடு சிவந்தது. அம்மா பெட்டியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"வாயத் தொடச்சிக் குடு."

"புதுசுமே. நல்ல நாளும் அதுவுமா…"

"தொடைய்யா."

துடைத்தார். அம்மா துண்டை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீரில் முக்கிக் கசக்கினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிழிந்து விரித்துப் பார்த்தாள். மறுபடியும் முக்கினாள். அப்போதுதான் எனக்குத் தபசு காலத்தில் கொடியில் வெள்ளையாக ஆடின துண்டு நினைவுக்கு வந்தது. அது வெறும் பச்சைத் தண்ணீரில் போய்விட்டது. வெற்றிலைக் கறையோடு காலமெல்லாம் மல்லுக்கு நின்ற அந்தக் கைக்கு, அது வெற்றிலை இல்லை என்று அன்று காலையிலேயே தெரிந்திருக்கிறது.

அம்மா துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நடுவில் சிவப்பு அப்படியே இருந்தது. "போவலடீ" என்றாள். சிரித்தாள், அழுதாள், எது எது என்று தெரியவில்லை. "பாருடீ, எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேன்னுது."

எப்போதும் பின்னால் இருக்கிற கொடியில்தான் துணி காயப்போடுவாள். அன்று அந்த ஒரு துண்டை மட்டும், கறை வெளிப்பக்கம் தெரியும்படி, தெருவைப் பார்த்து வாசலில் காயப்போட்டாள்.